முதுகு பிளந்த ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ்: டேப் ஒட்டலாமா?

டொரொண்டோவில் வீடு காலி செய்தவரிடம் வாங்கிய பெட்டியில் 1975-ஆம் ஆண்டின் மார்வெல் காமிக்ஸ் இதழான ஜயண்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதுகின் (இரண்டு அட்டைகளும் சேரும் ஓரத்தின்) அடிப்பக்கம் ஒரு அங்குலம் பிளந்திருக்கிறது, பின்னட்டையில் யாரோ பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்கள். பிளவுக்கு டேப் ஒட்டி, அழுக்கை ரப்பரால் துடைத்து, கிரேடிங்குக்கு, அதாவது இதழைச் சோதித்து எண்ணால் தரம் குறித்துத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பினால் எவ்வளவு தேறும் என்பது உங்கள் கேள்வி. சென்னையில் அம்மா வீட்டில் வைக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். விலை என்ன என்று கேட்பது போல இருந்தாலும், அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இதை நான் தொடலாமா, கூடாதா? அதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். டேப் வேண்டாம், ரப்பர் வேண்டாம், பசை வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். இன்று அந்த இதழ் எப்படி இருக்கிறதோ, அதுதான் அதன் சிறந்த நிலை. இனி நீங்கள் செய்யும் எந்தக் கைவேலையும் மதிப்பைக் குறைக்குமே தவிர ஏற்றாது.

முதலில், அது அசல்தானா? நீங்கள் போட்ட இரண்டு படங்களை வைத்து அசல் போலத் தெரிகிறது என்று சொல்லலாம். உறுதி சொல்ல உள்பக்கம் பார்க்க வேண்டும். அதே கதையும் அட்டையும் பின்னால் பலமுறை மறுபதிப்பாக வந்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். 1983-இல் ஸ்பெஷல் எடிஷன் எக்ஸ்-மென் என்ற பெயரிலும், 1986-இல் கிளாசிக் எக்ஸ்-மென் முதல் இதழிலும் இந்தக் கதை வந்தது. இவற்றின் அட்டைகள் வேறு என்பதால் ஏமாற வாய்ப்பில்லை. ஆனால் 1991-இல் வந்த மைல்ஸ்டோன் பதிப்பும், அண்மை ஆண்டுகளில் அசலை அப்படியே நகலெடுத்து வந்த ஃபேக்சிமிலி பதிப்புகளும் பழைய அட்டைப் படத்தையே போட்டிருக்கின்றன. மைல்ஸ்டோனுக்கு அட்டையைச் சுற்றி வெள்ளி நிறச் சட்டம் இருக்கும். ஃபேக்சிமிலியில் பார்கோடும் இன்றைய விலையும் காட்டிக்கொடுத்துவிடும். மார்வெல் இதழ்களில் பார்கோடு வரத் தொடங்கியது 1976-இல்தான். ஆகவே எங்கேயாவது பார்கோடு இருந்தால் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை, அது 1975 இதழ் அல்ல. அசலின் அட்டையில் விலை 50 சென்ட். மேலே காமிக்ஸ் கோட் என்ற அக்காலத் தணிக்கை அமைப்பின் முத்திரை இருக்கும். முதல் உள்பக்கங்களில் ஒன்றின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அதில் இருக்கும் ஆண்டையும் பதிப்பக முகவரியையும் படித்துப் பாருங்கள். மறுபதிப்பாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காகிதம். அசலின் உள்பக்கங்கள் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம். விளிம்பில் இளம் பழுப்பும் நடுவில் வெளிர் நிறமுமாக இருப்பது இயல்பு. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸால் ஒரு முகத்தைப் பார்த்தால் சதை நிறம் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். மை கோட்டின் ஓரத்தில் சற்றே அமுங்கி, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்த இடங்களும் இருக்கும். அந்தக் காலத்து அச்சின் அலட்சியம் அது. அலட்சியம்தான் இங்கே நல்ல அறிகுறி. பழைய இதழை ஸ்கேன் செய்து அடித்த மறுபதிப்பிலும் புள்ளிகள் தெரியலாம் என்பதால் புள்ளியை மட்டும் நம்பிவிடாமல் விலை, பார்கோடு, பதிப்பு விவரம், காகிதம் என நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கள்ள அச்சு பற்றிய பயம் இந்த இதழுக்குப் பெரிதாகத் தேவையில்லை. செரிபஸ் முதல் இதழ் போன்ற கறுப்பு-வெள்ளைச் சிறு வெளியீடுகளுக்குத்தான் கள்ளப் பதிப்பு உண்டு. நான்கு வண்ண நியூஸ்பிரிண்டில் 68 பக்கம் போலி அடிப்பது அவ்வளவு சுலபமல்ல.

இந்த இதழுக்கு ஏன் இத்தனை மவுசு என்று தெரிந்தால் வாங்குபவர் எதைப் பார்ப்பார் என்பதும் புரியும். எக்ஸ்-மென் 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கியது. விற்பனை மந்தமானதால் 66-ஆம் இதழோடு புதுக்கதைகள் நின்று, 67 முதல் 93 வரை பழைய கதைகளே மறுபடி அச்சாகின. 1975-இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் சேர்ந்து கொண்டுவந்த ஜயண்ட்-சைஸ் முதல் இதழில்தான் புதுக்குழு பிறந்தது. ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ், தண்டர்பேர்ட் நால்வருக்கும் இதுவே முதல் வருகை. வுல்வரினுக்கு முதல் வருகை அல்ல. அவர் 1974-இல் ஹல்க் 180-ஆம் இதழின் கடைசியில் தலைகாட்டி, 181-இல் முழுமையாக வந்துவிட்டார். விளம்பரங்களில் “வுல்வரின் முதல் இதழ்” என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறு. அவர் எக்ஸ்-மென்னில் சேரும் முதல் இதழ் என்பதே சரி. ஒரு சின்ன வேடிக்கை: அட்டையை வரைந்த கில் கேன் வுல்வரினின் முகமூடியைப் பழைய மாதிரியில் போடாமல் பெரிய கொம்புச் சாயலில் வரைந்துவிட்டார். அது காக்ரமுக்குப் பிடித்துப்போக உள்ளேயும் அதையே வைத்துக்கொண்டார். இன்று எல்லோரும் அறிந்த முகமூடி அப்படி வந்தது. உள்ளே புதுக்கதை 36 பக்கம். மீதியை 43, 47, 57-ஆம் எக்ஸ்-மென் இதழ்களில் வந்த குட்டிக் கதைகளை எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். நடுவில் ஓவியம் திடீரென்று மாறுகிறதே, பக்கத்தை யாரோ மாற்றிவிட்டார்களா என்று பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

இப்போது முதுகு. சாதாரண காமிக்ஸ் நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தது. பின்னைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். இது அப்படி அல்ல. தாள்களை அடுக்கி, ஓரத்தில் பக்கவாட்டாகப் பின் அடித்து, அதன்மேல் அட்டையைப் பசை போட்டு ஒட்டிய தட்டை முதுகு. அந்தப் பசை ஐம்பது வருடம் கழித்துக் காய்ந்து நொறுங்குகிறது. புத்தகத்தை முழுதாக மல்லாத்தித் திறந்தால் ‘சட’ என்று ஒரு சத்தம் வரும். அது பசை உடைகிற சத்தம். இதழ் தடிமன் என்பதால் முதுகின் மேல் முனையும் அடி முனையும் சீக்கிரம் மழுங்கும். முதுகின் நிறம் வளைவில் செதிலாக உதிரும். உங்கள் இதழில் பிளவு அடிமுனையிலிருந்து ஏறுவது இதனால்தான். நூலக அடுக்கில் நிறுத்துகிறமாதிரி சாய்த்து வைத்திருந்தால் எடை முழுக்க அந்த மூலையில்தான் இறங்கும்.

இதைச் சோதிக்கும்போதே கெடுத்துவிடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டாம், விரல் உணர்ச்சி போய் ஓரம் கிழியும். மேசையில் சுத்தமான வெள்ளைத் தாள் விரித்து, முன்னட்டையின் அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அட்டை 90 டிகிரிக்கு மேல் திறக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தாள்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அட்டையைச் சேர்த்து 68 பக்கம் என்றால் உள்ளே 64 பக்கம், அதாவது 32 தாள். ஒரு தாள் குறைந்தாலும் கிரேடு அடிமட்டத்துக்குப் போய்விடும். தரம் குறிக்கும்போது முதலில் சறுக்குகிற இடம் இதுதான். விளம்பரப் பக்கங்களில் கூப்பன் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரிக்கோலோடுதான் காமிக்ஸ் படித்தார்கள். ஹல்க் 181-இல் இருந்த சிறு முத்திரைப் படத்தை வெட்டி எடுத்து நாசமான பிரதிகள் ஏராளம். தாள்கள் பின்னிலிருந்து பிய்ந்து தொங்குகின்றனவா என்றும், எல்லாத் தாளின் பழுப்பும் ஒரே அளவில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு தாள் மட்டும் தனியாக வெளுத்திருந்தால் அது வேறு பிரதியிலிருந்து வந்திருக்கலாம். முதுகை ஒட்டிச் செம்பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் மறைந்திருக்கும் பின் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

பிறகு யாராவது முன்பே கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இருட்டறையில் 365 நானோமீட்டர் அல்ட்ராவயலட் டார்ச்சால் அட்டையை மேலோட்டமாகக் காட்டுங்கள். மார்க்கரால் நிறம் தடவிய இடம் அக்கம்பக்கத்து அச்சு மையைப் போல இல்லாமல் தனித்துத் தெரியும். பழைய டேப்பின் பசைக் கறையும் பெரும்பாலும் ஒளிரும். முதுகில் உதிர்ந்த இடங்களைக் கறுப்பு மார்க்கரால் தடவுவது மிகச் சாதாரணமான குற்றம். மை காகித இழையில் ஊறி உள்ளட்டைப் பக்கம் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தை வெட்டிச் சீராக்கியது இன்னும் மோசம். அப்படி வெட்டிய பிரதியில் மூன்று விளிம்புகளில் ஏதோ ஒன்று மட்டும் பிளேடு போட்டது போலக் கூராகவும் வெளுப்பாகவும் இருக்கும், மற்றவை பழுத்திருக்கும். அளவுகோல் வைத்து அளந்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து அச்சகத்தில் வெட்டும் அளவே பிரதிக்குப் பிரதி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். அளவு குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம், குற்றம் சாட்ட முடியாது.

டேப் ஏன் கூடாது? சாதா செல்லோ டேப்பின் பசை சில வருடங்களில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். டேப்பின் மேல்தாள் உரிந்து விழுந்த பிறகும் கறை போகாது. அதை எடுக்கக் கரைப்பான் தேவைப்படும், கரைப்பான் மையையும் சேர்த்தே இழுக்கும். “ஆர்க்கைவல்” என்று அச்சிட்ட டேப்பும் தர நிர்ணயத்தில் டேப்தான், குறையாகவே எண்ணப்படும். ஒரு அங்குலப் பிளவு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்ட குறை. அதன்மேல் டேப்பைப் போட்டால் குறை இரண்டாகும். ரப்பர் பற்றி: பளபளப்பான அட்டையில் மடிப்பு உள்ள இடத்தில் தேய்த்தால் உதிரத் தயாராக இருக்கும் மை அப்படியே பெயர்ந்து வரும். பேனா எழுத்து ரப்பரால் போகவும் போகாது. பின்னட்டையில் சிறிய பெயர் என்பது வாங்குபவர்கள் சகித்துக்கொள்கிற குறை. அழித்த தடம் அதைவிட அசிங்கம். லேமினேஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நம் ஆட்களில் பலருக்கு அந்த யோசனை வரும். லேமினேட் செய்த இதழ் படிக்க உதவும், விற்க உதவாது.

பிளவு மேலே ஏறாமல் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் கோதுமைப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு தொழில்முறைக் காகிதப் பாதுகாவலர் செய்யும் வேலை இருக்கிறது. ஆனால் அது கிரேடிங் லேபிளில் பதிவாகும். காமிக்ஸுக்கு கிரேடிங் செய்யும் சிஜிசி நிறுவனத்தின் தரவரிசையில் எதுவும் தொடாத இதழுக்கு நீல லேபிள். நிறம் பூசுதல், இழந்த பகுதியை நிரப்புதல், ஓரம் வெட்டுதல் போன்றவை இருந்தால் ஊதா லேபிள். கோதுமைப் பசையால் பிளவை மூடுவது போன்ற, காப்பாற்றும் நோக்கத்தில் செய்த வேலைக்கு இடைப்பட்ட ‘கன்சர்வ்ட்’ வகை உண்டு. ஊதா என்றால் வாங்குபவர்கள் விலகிப்போவார்கள். அதே எண் கிரேடு உள்ள நீல லேபிள் பிரதியின் விலையில் ஒரு பகுதிதான் கிடைக்கும். மிகப் பழைய 1940-களின் இதழ்களில் துளி பசை, துளி நிறத்துக்குக் காட்டும் சலுகையை 1975 இதழுக்கு எதிர்பார்க்கக் கூடாது. அட்டை இன்னும் பிடிப்போடு இருக்கும்வரை பிளவைப் பிளவாகவே விட்டுவிடுங்கள்.

பிரெஸ்ஸிங் வேறு சங்கதி. சூடும் ஈரப்பதமும் அழுத்தமும் கொடுத்து வளைவு நெளிவுகளையும், நிறம் உடையாத மடிப்புகளையும் தட்டையாக்கும் வேலை அது. சிஜிசி அதை ரெஸ்டோரேஷன் (பழுதுபார்ப்பு) என்று கணக்கிடுவதில்லை. கிழிசல், கறை, நிறம் உடைந்த வெள்ளைக் கோடு எதுவும் அதில் போகாது. தட்டை முதுகுப் புத்தகத்தில் ஆபத்து அதிகம். உள்ளே இருக்கும் பின்களால் முதுகுப் பக்கம் மேடாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கும். இரண்டையும் சமப்படுத்தும் தாங்கு அட்டை வைக்காமல் அழுத்தினால் முதுகு நசுங்கிப் பின்னின் அச்சு அட்டையில் விழும். சூடு கூடினால் பழைய பசை இளகி அட்டை நகரும். ஆகவே தட்டை முதுகு இதழ்களைச் செய்து பழகியவர் என்று தெரிந்தால் மட்டும் கொடுங்கள், உங்கள் பிளவைப் படம் பிடித்து அனுப்பி முன்பே கேளுங்கள். “இதைத் தொடாதே” என்று சொல்கிறவரை நம்பலாம்.

கிரேடு எவ்வளவு வரும்? அளவுகோல் 0.5 முதல் 10 வரை. ஒரு அங்குல முதுகுப் பிளவு என்பது பொதுவாக 4.0 வட்டாரத்துக் குறை, 6.0-க்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதே சேகரிப்பாளர்களிடையே புழங்கும் கணக்கு. உங்கள் படத்தில் முன்னட்டை பளபளப்பாகவும் நிறம் செறிவாகவும் இருப்பதால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் 4.0-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். இது படம் பார்த்துச் சொல்லும் ஊகம்தான். பக்கம் குறைந்தாலோ அட்டை பாதி கழன்றிருந்தாலோ கீழே இறங்கும், அதைப் படம் காட்டாது. எண்ணோடு உள்தாளின் நிறமும் லேபிளில் எழுதப்படும். வெள்ளை, வெளிர் வெள்ளை, கிரீம், பழுப்பு என்று இறங்கி, கடைசியில் நொறுங்கும் நிலை. நொறுங்கும் நிலை என்று எழுதப்பட்டால் எண் நன்றாக இருந்தும் விற்பது கஷ்டம்.

விலைக்கு வருகிறேன். ஒரே தொகை சொல்பவரை நம்பாதீர்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் “விற்பனையானவை” என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் பழைய ஏலப் பதிவுகளைத் தேடுங்கள். கடந்த ஆறு மாதத்தில், அதே எண், அதே லேபிள் நிறம், அதே தாள் நிறம் உள்ள ஐந்தாறு விற்பனைகளை எடுத்து நடுவில் நிற்கும் தொகையைக் கொள்ளுங்கள். 2021 வாக்கில் பழைய காமிக்ஸ் விலை எல்லாமே உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கியது. அந்த நாளைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி யாரும் பேரம் பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள். கனடாவில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று: அமெரிக்க ஏலத் தொகை அமெரிக்க டாலரில் இருக்கும், பெரும்பாலும் வாங்குபவர் கட்டும் கமிஷனையும் சேர்த்தே காட்டும். உங்கள் கைக்கு வருவது அதுவல்ல. இதே இதழின் 9.8 பிரதிக்கும் 4.0 பிரதிக்கும் இடையே இருப்பது இரண்டு மடங்கு வித்தியாசம் அல்ல, பல மடங்கு. செய்தியில் படித்த பெரிய தொகை உங்கள் பிரதிக்கானது அல்ல.

கிரேடிங் செய்யலாமா என்றால், இந்த இதழுக்குச் செய்யலாம். நடுத்தர நிலையிலும் வாங்க ஆள் இருக்கிற இதழ் இது. பக்கம் எண்ணப்பட்டது, யாரும் நிறம் பூசவில்லை என்ற உறுதிக்காகவே வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார். விலை உயர உயரக் கட்டணமும் ஏறும் என்பதால் மதிப்பை முன்கூட்டியே நேர்மையாகக் குறிப்பிடுங்கள். பெட்டியில் போடும்போது இதழைப் பிளாஸ்டிக் உறையில் பின்பலகையோடு வைத்து, அதைவிடப் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு இடையில் சொருகி, உறையில் டேப் படாமல் அட்டைகளை மட்டும் ஒட்டி, நகராதபடி பெட்டிக்குள் வையுங்கள். உறை வாயின் டேப் இதழை எடுக்கும்போது அட்டையில் ஒட்டிக் கிழிக்கும் விபத்து அடிக்கடி நடக்கிறது. விற்கும் எண்ணமே இல்லை என்றால் கிரேடிங் காசு வீண்.

வைத்திருக்கும் முறை: தடிமனான இதழ் என்பதால் இறுக்கமான உறை வேண்டாம், ‘சில்வர் ஏஜ்’ (1960-களின் காமிக்ஸ்) அளவு உறை பாருங்கள். நீண்ட காலத்துக்கு மைலார் (பாலியெஸ்டர்) உறையும், அமிலம் அண்டாத பின்பலகையும் சரி. சாதா பாலிப்ரொப்பிலீன் உறை என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறுத்தி வைத்தால் இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து நேராக நிற்கட்டும், சாயக் கூடாது. பிளவு உள்ள முனை கீழே இருப்பதால் உங்களுடையதைப் படுக்க வைப்பதே மேல். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறி இறங்காமல் இருக்க வேண்டும், வெப்பம் 20 டிகிரி வட்டாரம். டொரொண்டோவில் பேஸ்மென்ட் வேண்டாம். படுக்கையறை அலமாரி போதும்.

சென்னையில் அம்மா வீடு என்றால் தயங்குவேன். ஈரப்பதம் அங்கே வருடத்தின் பெரும்பகுதி 70-க்கு மேல். பகலில் ஏசி, இரவில் ஏசி இல்லை என்று மாறி மாறிப் போவது நிரந்தர ஈரத்தைவிடக் காகிதத்தை அதிகம் சுருக்கி விரிக்கும். பின் துருப்பிடிப்பதும் வெள்ளிப்பூச்சி விளிம்பைச் சுரண்டுவதும் அங்கேதான் நடக்கும். கிரேடிங் முடித்து இதழை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியும் காற்றுப்புகாத பெட்டி அல்ல. கட்டாயம் என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஈரமானியும் போட்டு, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில் வைத்து, மழைக்காலத்தில் ஜெல்லை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். பீரோவில் அந்துருண்டை போடும் வழக்கம் இருந்தால் அந்த பீரோ வேண்டாம், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். கொண்டுபோகும்போது செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உள்பக்கப் பதிப்பு விவரம், முதுகின் முழு நீளம், பின்னட்டை, நடுத்தாள் இந்த நான்கையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் பிடித்துப் போட்டால் 4.0 ஊகத்தைச் சற்று இறுக்கிச் சொல்லலாம்.